எதிரணியைத் தேடும் சிறிய குழுக்கள்

ஒரு குழு விளையாடுவதற்கு எவையெவை வேண்டும் என்று மாணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பந்து வேண்டும், மைதானம் வேண்டும், பதினொருவரோ பதினைவரோ வேண்டும், பழக்கிவிட ஓர் ஆசிரியர் வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்வார். அவர் சொல்வது யாவும் சரியே. ஆயினும் இவை எல்லாம் இருந்தும் ஆட்டம் நடைபெறாமற் போவதுண்டு. ஏனெனில், இவற்றோடு வேண்டியது ஓர் எதிரணி. அவ்வெதிரணியும், காலையிற் புறப்பட்டுச் சென்று விளையாடிவிட்டுப் பொழுது சாயுமுன் வீடு திரும்பக்கூடிய தொலைவில் இருத்தல் வேண்டும். செல்வமுள்ள குழு எதிரணியைத் தேடிக் கடல் கடந்தும் செல்லும். செல்வமில்லாத குழுவுக்கோ அயலூரே உலகம்.

விளையாட்டுச் சங்கங்கள் தம் எல்லைகளை மாற்றிப் புதிய லீக்குகளை அமைக்கும்போது பெரிய குழுக்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பத்திரிகைகள் விரிவாக எழுதுகின்றன. சிறிய குழுக்கள் எதை இழந்தன என்பதைச் சொல்வார் குறைவு. பணம் குறைந்தால் அது கணக்குப் புத்தகத்தில் அன்றைக்கே தெரியும். அயலூர் எதிரணி போய்விட்டால் அந்த இழப்பு மெல்ல மெல்லத்தான் தெரியும். ஓர் ஆண்டு ஆட்டம் குறையும். மறு ஆண்டு பார்க்க வருவோர் குறைவர். அதற்கடுத்த ஆண்டு விளையாட வரும் பிள்ளைகள் குறைவர். பின்னொருநாள் மைதானத்தில் மாடு மேயும்.

அமெரிக்காவின் சர்வகலாசாலைகளில் 2022 முதல் இத்தகைய மாற்றமொன்று பெரும் புயலாக வீசியது. ஆனால் நமது மலைநாடு இவ்வனுபவத்தை அரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டுவிட்டது. ஆகவே நம் வீட்டுக் கதையை முதலில் நோக்கி, அதன்பின் அயல்நாட்டுக் கதைக்குச் செல்வோம்.

துரைமார் ஆடிய பந்து

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பிச் செடியின் இலைகளிற் பூஞ்சண நோய் கண்டது. அடுத்துவந்த ஆண்டுகளிற் கோப்பி அழிந்து, மலைச்சாரல்கள் எங்கும் தேயிலை பரவிற்று. 1885இல் ரயில்பாதை நானுஓயாவை எட்டியது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் உழைப்பில் மலைகள் பச்சைப் போர்வை போர்த்தன. அத்தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயத் துரைமார், தனிமையைப் போக்கிக்கொள்ளக் கழகங்களை அமைத்தனர். கழகமெனின் மாலை நேரத்திற் கூடிப் பேச ஒரு மண்டபம். அதன் முன்னே ஒரு மைதானம்.

திம்புள்ளப் பகுதியின் கழகம் நானுஓயாவுக்கு அண்மையில் உள்ள ரதல்லவில் அமைந்தது. டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதியினரின் கழகம் தரவளையில் அமைந்தது. ஊவாத் துரைமாருக்குப் பதுளையில் ஒரு கழகம் இருந்தது. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. கொழும்பில் 1879ஆம் ஆண்டு றகர் பந்தாட்டத்துக்கெனக் கழகம் ஒன்று பிறந்தது. கோழிமுட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு பதினைவர் ஓடும் இவ்வாட்டத்தை ‘றக்பி’ என்றும் சொல்வர். 1908இல் இலங்கை முழுமைக்குமான றகர் சங்கம் உருவாயிற்று. பின்னர்த் தேசாதிபதி சேர் ஹியூ கிளிஃபர்டின் பெயரைத் தாங்கிய கிண்ணமொன்று வந்தது. மலைநாட்டுக் குழுவும் தாழ்நாட்டுக் குழுவும் தொடக்கத்தில் அதற்காக மோதின. 1950 முதல் அது கழகங்களுக்கிடையிலான போட்டியாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மலைநாட்டுக் கழகங்கள் கொழும்புக் கழகங்களோடு சரிநிகராக நின்ற காலம் அது. ரதல்லவுக்குத் தரவளை அயல். தரவளைக்குக் கண்டி எட்டும் தூரம். கண்டிக்குக் கொழும்பு ரயிலில் ஒருநாட் பயணம். மலையில் நான்கு கழகங்கள் இருந்தபடியால், ஆண்டின் ஆட்டங்களிற் பலவற்றை மலையை விட்டு இறங்காமலே ஆடி முடிக்கலாம். பெரிய பயணம் சிலவே. அதனால் செலவும் சிறிதாயிற்று. நாலைந்து அயற்குழுக்கள் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்து நின்றதே அந்நாளைய மலைநாட்டு றகரின் பலம்.

அந்தப் பலம் எப்போது குறைந்தது? இலங்கை 1948இல் சுதந்திரம் அடைந்த பின்னர் ஆங்கிலேயத் துரைமார் ஒவ்வொருவராக ஊர் திரும்பினர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் நிலங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. 1975இல் செய்யப்பட்ட திருத்தத்தினாற் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. கழகத்துக்கு ஆள் தந்தவை கம்பனிகள். பணம் தந்தவையும் அவையே. இரண்டும் ஒருங்கே வற்றின. அதே வேளையில் ஆட்டத்தின் மையம் கொழும்பை நோக்கி நகர்ந்தது. பொலிஸ், தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றின் குழுக்கள் முன்னணிக்கு வந்தன. அக்குழுக்களின் வீரர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. பயிற்சிக்கு நேரமும் உண்டு. பின்னர் வணிக நிறுவனங்களின் ஆதரவும் வந்தது. அண்மை ஆண்டுகளில் முதற்றர லீக்கில் ஆடிய எட்டுக் கழகங்களைப் பார்த்தால், மலைநாட்டுக்கென நிற்பது கண்டி ஒன்றே. ஏனைய ஏழும் கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்தவை.

திம்புள்ளயும் டிக்கோயாவும் ஊவாவும் முதல் வரிசையிலிருந்து மறைய, கண்டி மட்டும் நிலைத்ததோடன்றி நாட்டின் தலைசிறந்த கழகங்களுள் ஒன்றாயும் விளங்குவது எதனால்? கண்டிக் கழகத்தின் வாயிலிலே பாடசாலைகள் இருந்தன. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் என்னும் ஆசிரியர், தம் மாணவருக்கு றகரைப் பழக்கினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. இலங்கையிற் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றகர் ஆட்டம் அதுவே. 1945 முதல் திரித்துவமும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்காக ஆண்டுதோறும் ஆடிவருகின்றன. ஆண்டுக்காண்டு பாடசாலையை விட்டு வெளிவரும் இளைஞருக்குக் கண்டிக் கழகம் அடுத்த படியாயிற்று. துரைமார் போன பின்னரும் அங்கே ஆட ஆள் இருந்தது.

தோட்டக் கழகங்களின் நிலை வேறு. ரதல்ல மைதானத்தைச் சுற்றியும் தரவளை மைதானத்தைச் சுற்றியும் லயன்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வளர்ந்தனர். மலையேறி இறங்கிப் பழகிய கால்கள் அவர்களுடையவை. ஆனால் கழகம் துரைமாருக்கு உரியது. மைதானத்திற் புல் வெட்டியவர்கள் நம்மவர். மைதானத்தில் இறங்கி ஆடியவர்கள் நம்மவர் அல்லர். கழகம் வேலிக்கு உள்ளே இருந்தது. அதற்கு நாளை ஆள் தரக்கூடிய இளைஞர் வேலிக்கு வெளியே நின்றனர். வேலி ஒருநாள் திறந்திருந்தால், துரைமார் கப்பலேறிய பின்னரும் திம்புள்ளக்குப் பதினைவர் கிடைத்திருப்பர். அயலிலே இருந்தவரை அயலாராகக் கருதாமையின் விலை அது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு அமெரிக்காவுக்குச் செல்வோம்.

எட்டு மைல் இடைவெளியில் இரு நகரங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ‘ஃபுட்போல்’ என்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நமது றகரிலிருந்து பிறந்து வேறு வழி சென்ற ஆட்டம் அது. அங்கே சர்வகலாசாலைகள் தத்தம் குழுக்களைப் பெரும் மைதானங்களில் ஆடவிடுகின்றன. சனிக்கிழமைகளில் எண்பதினாயிரம், நூறாயிரம் பேர் கூடி ஆட்டம் பார்க்கும் சர்வகலாசாலைகளும் உள. சர்வகலாசாலைகள் பத்தோ பன்னிரண்டோ ஒன்றுசேர்ந்து ‘கொன்பரன்ஸ்’ எனப்படும் போட்டிச் சங்கமாகத் தம்முள் ஆடும். இச்சங்கங்கள் பெரும்பாலும் ஒரு திசையைச் சேர்ந்த அயற் சர்வகலாசாலைகளால் ஆனவை. ரயிலில் ஏறி அடுத்த மாநிலம் சென்று ஆடித் திரும்பிய காலத்தின் ஏற்பாடு அது.

தொலைக்காட்சி அதனை மாற்றியது. 1984இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றின் பின்னர், சர்வகலாசாலைகளும் அவற்றின் சங்கங்களும் தம் ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்குத் தாமே விற்கலாயின. விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2023இல் தொடங்கிய ஏழாண்டு ஒப்பந்தமொன்றினால் ‘பிக் டென்’ என்னும் சங்கம் பெறுவது 700 கோடி டொலருக்கும் மேல். இத்தகைய பணம் ஒரு சங்கத்தில் இருக்க, இன்னொரு சங்கத்தில் இருக்கும் சர்வகலாசாலையின் மனம் சும்மா இருக்குமா?

பசிபிக் கடலோரத்துச் சர்வகலாசாலைகளின் சங்கம் 1915இல் உருவான பழம்பெரும் மரபினது. 2022 ஜூன் 30ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் இரு பெரும் சர்வகலாசாலைகள் அதனை விட்டு பிக் டென்னிற் சேரப்போவதாக அறிவித்தன. 2023ஆம் ஆண்டின் கோடையில் மற்றவையும் அடுத்தடுத்துப் புறப்பட்டன. பன்னிரண்டிற் பத்துப் போயின. பசிபிக் கடலோரத்து ஸ்டான்போட் சர்வகலாசாலை, கண்டத்தின் மறுகரையில் உள்ள அத்திலாந்திக் கடலோரச் சங்கத்தில் இடம் பெற்றது! டெக்சஸ் மாநிலத்தின் சதேர்ண் மெதடிஸ்ட் சர்வகலாசாலையோ அதே சங்கத்தில் நுழைவதற்காக, ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாமென ஒப்புக்கொண்டது. செல்வந்தரான பழைய மாணவர் பலர் அதற்குத் துணை நின்றனர். அத்தகைய துணை இல்லாத சர்வகலாசாலை என்ன செய்யும்?

யாரும் அழைக்காது எஞ்சி நின்றவை இரண்டு. அவற்றுள் ஒன்று வாஷிங்டன் மாநில சர்வகலாசாலை. அது கோதுமை வயல்கள் சூழ்ந்த புல்மன் என்னும் சிறு நகரில் உள்ளது. அதே மாநிலத்தின் சியாட்டில் நகரச் சர்வகலாசாலையோடு அது 1900 முதல் ஆடிவந்த ஆட்டம், நெடுங்காலம் நவம்பர் மாத இறுதியில் பருவத்தை முடித்துவைக்கும் திருவிழாவாக இருந்தது. 2024இல் அது செப்டெம்பர் மாதத்து ஆட்டமாயிற்று. தொலைக்காட்சிப் பணம் குறைந்ததனால் விளையாட்டுச் செலவைச் சுருக்க வேண்டி வந்தது. 2025 ஜூனில் அச்சர்வகலாசாலை தனது தடகளப் பிரிவிலே எறிதல், பாய்தல் முதலியவற்றைக் கைவிட்டு, நெடுந்தூர ஓட்டத்துக்கே முதன்மை தருவதென அறிவித்தது. பந்தாட்டக் குழுவை எந்தச் சங்கம் சேர்த்துக்கொள்வது என்பதில் எழுந்த குழப்பத்தின் விலையைச் செலுத்தியவர்களுள் குண்டெறியும் மாணவனும் உயரம் பாயும் மாணவியும் இருந்தனர். எஞ்சிய இரு சர்வகலாசாலைகளும் மேற்கு மலைப்பகுதியின் வேறு சிலவற்றைச் சேர்த்து, 2026இலிருந்து ஆடுவதற்கெனச் சங்கத்தை மீண்டும் கட்டத் தொடங்கின.

புல்மனிலிருந்து எட்டே மைல் தொலைவில், மாநில எல்லைக்கு அப்பால், மொஸ்கோ என்று ஒரு சிறு நகர் இருக்கிறது. அங்கே உள்ளது ஐடஹோ சர்வகலாசாலை. அதன் கதை நமக்குப் பாடமாக அமையத்தக்கது. ஐடஹோவும் ஒருகாலத்தில் அந்தப் பழைய பசிபிக் சங்கத்தில் இருந்தது, 1922இல் சேர்ந்தது. 1959இல் அச்சங்கம் கலைந்தபோது, புதிதாய் அமைந்த சங்கத்தில் ஐடஹோவுக்கு இடம் கிட்டவில்லை. 1963இல் மலை மாநிலங்களின் சிறிய சர்வகலாசாலைகள் சேர்ந்து ‘பிக் ஸ்கை’ என்னும் சங்கத்தை அமைத்தன. ஐடஹோ அதன் மூல உறுப்பினர். மொன்டானாவும் ஐடஹோவின் பிற சர்வகலாசாலைகளும் அயல். அங்கே அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

1996இல் ஐடஹோவுக்குப் பெரிய தரத்தில் ஆட வேண்டும் என்ற ஆசை எழுந்தது. சங்கத்தை விட்டது. அன்று தொடங்கிய அலைச்சல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சேர்ந்த சங்கமொன்று பந்தாட்டத்தையே கைவிட்டது. ஓராண்டு எந்தச் சங்கமும் இன்றித் தனியே ஆடிற்று. பின்னர்த் தென்மாநிலங்களின் சங்கமொன்றில் இடம் கிடைத்தது. வடமேற்கு மூலையில் இருக்கும் குழு, ஜோர்ஜியாவுக்கும் அலபாமாவுக்கும் லூசியானாவுக்கும் பறந்து பறந்து ஆட வேண்டியதாயிற்று. அயலூர் ரசிகர் எவரும் அங்கெல்லாம் செல்ல முடியாது. அங்கிருந்து எவரும் மொஸ்கோவுக்கு வருவதும் இல்லை. 2016இல் அத்தென்மாநிலச் சங்கமும் ஐடஹோவின் இடத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

ஐடஹோ அப்போது செய்ததைப் பலர் பரிகசித்தனர். 2018இல் அது ஒரு படி இறங்கித் தன் பழைய பிக் ஸ்கை சங்கத்துக்கே திரும்பிச் சென்றது. அச்சர்வகலாசாலைகளிற் பெரிய தரத்திலிருந்து அவ்வாறு தானே இறங்குவது மிக அரிது. ஆனால் என்ன நிகழ்ந்தது? மொன்டானாவோடு 1938 முதல் ஒரு மரக்குவளைக்காக ஆடிவந்த பழைய ஆட்டம் மீண்டும் நடைபெறலாயிற்று. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐடஹோ தன் தரத்தின் இறுதிச் சுற்றுப் போட்டிகளில் இடம் பெற்றது. எட்டு மைல் தொலைவில் இருந்த புல்மன் தன் அயலாரை இழந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மொஸ்கோ தன் அயலாரை மீட்டுக்கொண்டது.

இழப்பவர் சிறியவர் மட்டுமே என்பதும் இல்லை. ஒக்லஹோமா மாநிலத்தின் இரு சர்வகலாசாலைகள் 1910 முதல் ஓராண்டும் தவறாமல் ஆடிவந்தன. அவற்றுள் பெரியது 2024இல் வேறு சங்கத்துக்குப் போனதும் அவ்வாண்டு ஆட்டம் நின்றது. நூறாண்டுப் பகை ஒன்றும் சிறு சொத்தன்று. அதனை விலைக்கு வாங்க முடியாது.

சிறியவர் பெரியவரை வெல்வது

“சிறிய குழு தன் சிறிய வட்டத்திலேயே அடங்கிக் கிடக்க வேண்டுமா?” என்று மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பெரியவரோடு மோதாமல் வளர்ச்சி ஏது? அமெரிக்காவிலேயே இதற்கொரு வழக்கம் உண்டு. பெரிய சர்வகலாசாலை, சிறியதொன்றுக்குப் பணம் கொடுத்துத் தன் மைதானத்துக்கு அழைத்து ஆடும். இப்போது ஓர் ஆட்டத்துக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேலும் கொடுப்பதுண்டு. சிறியது தோற்றுவிட்டுப் பணத்தோடு திரும்பும். அப்பணம் ஆண்டின் செலவுக்கு உதவும். 2007 செப்டெம்பர் 1ஆம் திகதி, மலைநகரொன்றிலிருந்து வந்த அப்பலாச்சியன் மாநில சர்வகலாசாலை அவ்வாறு அழைக்கப்பட்டு மிச்சிகன் சென்றது. நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, 34க்கு 32 என்ற புள்ளிக் கணக்கில் வென்றும் விட்டது! இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அக்குழு அந்த வெற்றிக்கு ஆயத்தமானது எங்கே? அதற்கு முந்திய இரு ஆண்டுகளிலும் தன் அயற்குழுக்களோடும் தன் தரத்தினரோடும் ஆடிப் பட்டம் வென்ற பின்னரே அது மிச்சிகனுக்குச் சென்றது. படியில் ஏறுவதற்கு முதற் படி வேண்டும் அல்லவா?

இந்தியாவிலும் மலைநாட்டுக் குழுவொன்றின் கதை உண்டு. மிசோரம் மாநிலத்தின் ஐஸ்வால் நகரம் மலைமுகட்டிலே அமைந்தது. அதன் உதைபந்தாட்டக் கழகம் 2015–16 பருவத்தில் இந்திய தேசிய லீக்கான ஐ-லீக்கிலிருந்து கீழே தள்ளப்பட்டது. கோவாவின் கழகங்கள் விலகியதனால் அதற்கு மீண்டும் இடம் கிட்டியது. அடுத்த பருவத்திலேயே, 2017 ஏப்ரல் 30ஆம் திகதி, கல்கத்தாவின் பெருங்கழகங்களைப் பின்தள்ளி அது தேசியப் பட்டத்தை வென்றது. அயலூர்களின் பிள்ளைகள் மாநில லீக்கிலே ஆடிப் பழகியமையே அதற்கு வேர்.

ஆயினும் அந்த வெற்றியின் பயனை அது முழுமையாகத் துய்க்க விடப்படவில்லை. 2014இல் பெரும் வணிகர்களின் முதலீட்டோடு தொடங்கிய இந்தியன் சுப்பர் லீக் என்னும் வேறொரு போட்டி, 2019–20 பருவம் முதல் நாட்டின் முதற்றரமாக அங்கீகரிக்கப்பட்டது. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கிற்று. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி கழகம் 2019 மார்ச் மாதத்தில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்று தமிழகத்துக்குப் பெருமை தேடித் தந்தது. அதன் வெற்றிக்கும் மேலே ஏறும் வழி திறந்திருக்கவில்லை. ஐ-லீக் வெற்றியாளர் மேலே செல்லும் ஏற்பாடு 2022–23 பருவத்திலிருந்தே நடைமுறைக்கு வந்தது. அதற்குள் சென்னை சிட்டியின் பெயர் லீக்கிலேயே இல்லை. திறமையினால் வென்றவருக்கு ஏணி வைக்காத லீக், மேலே இருப்பவருக்கும் நெடுநாள் நன்மை செய்யாது.

நாவலப்பிட்டியும் அட்டனும்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2021இல் இலங்கை உதைபந்தாட்டத்தின் முதற்றரப் போட்டியாகச் சுப்பர் லீக் ஒன்று பத்துக் கழகங்களோடு தொடங்கியது. அவற்றுள் மூன்று முப்படைகளின் குழுக்கள். ஏனையவை பெரும்பாலும் கொழும்பும் மேற்குக் கரையும் சார்ந்தவை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கழகம் எதுவும் அதில் இல்லை. மலையின் பெயரைத் தாங்கி நின்றது நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் ஒன்றே. றகரிற் கண்டி தனித்து நிற்பது போல, உதைபந்தாட்டத்தில் நாவலப்பிட்டி தனித்து நின்றது. அந்த லீக் ஆண்டுதோறும் நடக்கும் போட்டியாக நிலைபெறவில்லை. 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையையே இடைநிறுத்தியும் வைத்தது. மேலே குழப்பம் நேர்ந்தால் கீழே உள்ளவர்க்கு ஆட்டம் இல்லாது போகிறது.

அட்டன் ரயில் நிலையம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 173 கிலோமீற்றர் தூரத்தில், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் உள்ளது. அங்கிருந்து ஒரு தோட்டக் குழு கொழும்பு சென்று ஆடுவதாயின் பதினைந்து இருபது பேருக்குப் பயணம், இரண்டு வேளை உணவு, சிலவேளை இராத்தங்கல் எல்லாம் வேண்டும். 2024 செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் வாழ்ந்த பெற்றோர் பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கவே பலமுறை எண்ணிப் பார்த்தனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியில் மலைநாட்டு ரயில்பாதை பல இடங்களில் உடைந்தது. வீதிகள் மண்சரிவில் மறைந்தன. தூர இடத்துப் பயணத்தையே நம்பியிருக்கும் குழு எவ்வளவு எளிதில் முடங்கிவிடும் என்பதை அந்நாட்கள் நமக்குக் காட்டின.

பாடசாலைகளின் நிலையும் இதனோடு ஒட்டியதே. நுவரெலியா மாவட்டத்திலே நுவரெலியா, அட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. வலயத்தில் வென்ற பாடசாலை மாகாணத்துக்குச் செல்லும். மத்திய மாகாணத்திலோ கண்டியின் பெரும் பாடசாலைகள் காத்திருக்கின்றன. பயிற்றுவிப்பாளரும் உடற்பயிற்சிக் கூடமும் பழைய மாணவர் சங்கங்களும் அவற்றுக்கு உண்டு. தோட்டப் பாடசாலையோ 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை பெரும்பாலும் ஓரறைக் கொட்டகையாக இருந்த வரலாற்றை உடையது. பல பாடசாலைகளுக்கு இன்னும் சமதரையான மைதானம் இல்லை. மலைச்சரிவிற் பந்து உருண்டால் தேயிலைக்குள் இறங்கித்தான் தேட வேண்டும். இப்பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை வலயப் போட்டியில் இறங்கி, முதல் ஆட்டத்திலே தோற்று வீடு திரும்புவராயின், அவ்வாண்டுக்கு அவர்தம் விளையாட்டு அவ்வளவே. தோல்வி பெரிதன்று, மறு வாரம் ஆட எதிரணி இல்லாமையே பெரிது.

செய்யக்கூடியது என்ன?

இதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. வேண்டியது ஏற்பாடு. அட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகியவை ஒன்றுக்கொன்று அயல். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா, நுவரெலியா என்பன இன்னொரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஆறோ எட்டோ குழுக்கள் சேர்ந்து, ஆண்டு தொடங்கும் முன்னரே நாட்குறிப்பு ஒன்றை வகுத்துக்கொண்டு, ஒருமுறை தம் மைதானத்திலும் மறுமுறை அயலார் மைதானத்திலும் ஆடுமாயின், ஒவ்வொரு குழுவுக்கும் பத்துக்குக் குறையாத ஆட்டம் கிட்டும். சொந்த மைதானம் இல்லாத குழுவுக்கு அட்டன் டன்பார் மைதானம் போன்ற பொது மைதானங்களில் நாள் ஒதுக்கலாம். ஒரே பஸ்ஸில் ஆண்கள் குழுவும் பெண்கள் குழுவும் சென்றால் செலவு பாதியாகும். பெண் பிள்ளைகளுக்கு ஆட்டமும் கிடைக்கும். தோட்ட நிர்வாகங்களின் வசம் உள்ள மைதானங்கள் ஞாயிறுதோறும் லயன் பிள்ளைகளுக்குத் திறக்கப்படுமாயின், அன்றைய துரைமார் செய்யத் தவறியதை இன்றைய நிர்வாகிகள் செய்தவராவர்.

மேலே உள்ள சங்கங்களுக்கும் கடமை உண்டு. லீக்கின் எல்லையை மாற்றும்போது, அதனால் எந்தக் குழு எத்தனை அயலாரை இழக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கீழே வென்றவர் மேலே ஏற நிலையான ஏணி வேண்டும். மேலே ஏறிய சிறு குழுவுக்கு முதல் ஓரிரு பருவங்களுக்குப் பயணச் செலவு தர வேண்டும். பெரிய பாடசாலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மலையேறி வந்து சிறிய பாடசாலையின் மைதானத்தில் ஆட வேண்டும். தம் மைதானத்திலே ஒரு பெரிய குழுவை எதிர்த்து ஆடிய பிள்ளை, பத்து கோல் வாங்கித் தோற்றாலும் அந்நாளை மறவான்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் குழுவுக்கு எந்தத் தரம், எந்தப் பிரிவு என்று வருந்த வேண்டாம். அடுத்த தோட்டத்தில் ஒரு குழு உண்டா என்று பாருங்கள். உண்டாயின், அடுத்த ஞாயிறு ஆட வருகிறீர்களா என்று கடிதமோ தொலைபேசியோ மூலம் கேளுங்கள். இல்லையாயின், அங்கே ஒரு குழு தோன்ற உதவுங்கள். உங்கள் பழைய பந்தைக் கொடுத்தேனும் உதவுங்கள். அடுத்த தோட்டத்துக் குழு பலம் பெறப் பெற உங்கள் ஆட்டமும் உயரும். அயலான் வலிமையே நம் வலிமை என்பது மலைநாட்டில் றகர் ஆடிய அந்த நான்கு கழகங்கள் ஒருகாலத்தில் அறிந்திருந்த உண்மை. அதை மறந்த இடமெல்லாம் மைதானம் வெறிச்சோடிற்று. அதனை மீட்க ஓர் அயலூர்க் குழுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.